குருதியின் இயல்பு கண்ட ஹால்டேன்

நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. ஒருவன் அதனை உண்டு நலம் பெறுகின்றான். மற்றொருவனோ உடல் மஞ்சள் பூத்து, சிறுநீர் கறுத்து, சோர்ந்து வீழ்கின்றான். குற்றம் மருந்தினதா? மருத்துவனதா? பெற்றோர் வழிவந்த குருதியின் இயல்பே சிலரிடத்து இதற்குக் காரணமாகின்றது என்பதை இன்று அறிவோம். மலேரியாக் காய்ச்சலால் நெடுங்காலம் வாடிய திருகோணமலைப் பகுதியிலே, குறிஞ்சாக்கேணியில் வாழும் எமக்கு இது வேற்றார் கதையன்று. இவ்வறிவுக்கு வழிவகுத்தோருள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

அவர் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் பிறந்தார். சுவாச ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற தந்தையார் மைந்தனையும் சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்று, ஆங்குள்ள காற்றின் தன்மையைப் பட்டறியச் செய்தார். தம் உடலையே சோதனைக் களமாக்கும் துணிவு அங்கே வேரூன்றியது. நீர்மூழ்கிக் கப்பலாரின் உயிர்காக்கும் பொருட்டு அழுத்த அறையுட் புகுந்து, முதுகெலும்பில் ஊறும் பெற்றார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த காலத்தில், 1937இல், யூலியா பெல் அம்மையாருடன் கூடிக் குருதி உறையாமை நோயையும் நிறக்குருட்டையும் ஆராய்ந்தார். இரண்டும் ஒரே நிறமூர்த்தத்தில் இணைந்து வருவதைக் கணக்கிட்டுக் காட்டினார். வெளிப்படையான ஒரு குறியைக்கொண்டு மறைந்துள்ள நோயை முன்னறியும் நெறிக்கு அது வித்தாயிற்று.

பரம்பரைச் சோகையாகிய தலசீமியா, மலேரியா மிகுந்த நாடுகளில் ஏன் பெருகியுள்ளது? தாய் தந்தை இருவரிடமிருந்தும் அக்குறையைப் பெற்ற பிள்ளை நோயுறும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் மலேரியாவை எதிர்த்து நிற்பர் என்று அவர் 1949இல் விடைகூறினார். பிற்கால ஆராய்ச்சிகள் அக்கருத்துக்கு அரண் செய்தன. 1956இல் அமெரிக்க ஆய்வாளர், பிரைமாகுயின் என்னும் மலேரியா மருந்து சிலரது செங்குருதிக் கலங்களைச் சிதைப்பதற்கு, ஜீ-6-பீ-டீ என்ற நொதியத்தின் பரம்பரைக் குறைவே காரணம் எனக் கண்டனர். ஹால்டேனும் பெல்லும் ஆராய்ந்த அதே நிறமூர்த்தத்திலேதான் அந்நொதியத்தின் மரபணுவும் உள்ளது. அக்குறைவும் மலேரியாவுக்கு ஒரு கேடயமே. துளிக் குருதியைச் சோதித்தபின் அதற்கேற்ப மருந்து கொடுத்தால் தீங்கைப் பெரிதும் தவிர்க்கலாம்.

1957இல் மகலனோபிஸ் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார். இந்திய உடை தரித்தார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்திற் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாயிற்று.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. ஆனால் தலசீமியா எம்மிடையே இன்னும் உளது. அதனைத் தாங்கிய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் பிள்ளை நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மணத்துக்குமுன் ஒரு குருதிச் சோதனை அதனை உணர்த்திவிடும். எனினும், குடும்பத்துக்கு இழுக்கு வருமென அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்பாரும், முடிவை மறைப்பாரும் உளர். இழுக்கு என்று நாணுவது, முன்னோரைக் காத்த கேடயத்தின் எச்சமே. அதனை மாணவருக்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். ஹால்டேனுக்கு நாம் செய்யும் நன்றியும் அதுவே.