கடைசி இடத்தைத் தேடிச் சென்றவர்



திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் பங்குகள் பரபரப்பாகி விடுகின்றன. இளைஞர்கள் மூங்கிலும் வைக்கோலும் சேர்த்துக் குடில் கட்டுகிறார்கள். பாடகர் குழுவினர் இரவில் வீடு வீடாகச் செல்கிறார்கள். எந்த அன்பியத்தின் குடில் பெரியது, யாருக்கு முதல் பரிசு என்ற பேச்சும் எழுகிறது. இத்தனைக்கும் நடுவே, குடிலின் மையத்தில், வைக்கோல்மேல், மிகச் சிறியவராய்க் கிடக்கிறார் நம் ஆண்டவர். முதல் இடத்திற்காக நாம் போட்டி போடும் குடிலிலேயே அவர் கடைசி இடத்தைத் தேர்ந்துகொண்டிருக்கிறார்.

செருக்குற்றோரைக் கடவுள் சிதறடிக்கிறார், தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறார் என்று அன்னை மரியா பாடியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். இது நம்மைச் சற்றுத் தயங்க வைக்கிறது. கடவுளுக்குப் பாரபட்சம் உண்டா? படித்தவர், உழைத்து உயர்ந்தவர், திறமை உள்ளவர் ஆகியோரை அவருக்குப் பிடிக்காதா? தாழ்ச்சி உள்ளவர்மேல் மட்டும் அவருக்கு ஏன் இத்தனை பரிவு? இக்கேள்விக்குத் தம் வாழ்வாலேயே பதில் சொன்ன ஒரு புனிதரைப் பற்றி இந்தக் கிறிஸ்து பிறப்பு நாள்களில் சிந்திப்போம். அவர்தான் புனித சார்லஸ் தெ ஃபூக்கோ.

1858ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், செல்வமும் பெயரும் மிக்க பிரபு குடும்பத்தில் சார்லஸ் பிறந்தார். ஆறு வயது நிறைவதற்குள் தந்தையையும் தாயையும் இழந்தார். அவரையும் தங்கை மரியையும் தாய்வழித் தாத்தா அன்போடு வளர்த்தார். பள்ளிப் பருவத்திலேயே சார்லஸ் தம் நம்பிக்கையை இழந்தார். தாத்தாவும் இறந்த பிறகு பெரும் சொத்து கைக்கு வந்தது. விருந்து, சூதாட்டம், கேளிக்கை என்று பணம் கரைந்தது. குதிரைப்படை அதிகாரிகளுக்கான சோமூர் பயிற்சிப் பள்ளியில் அவருடைய வகுப்பில் 87 பேர். தேர்ச்சிப் பட்டியலில் அவர் பெயர் 87ஆவதாக இருந்தது. பிற்காலத்தில் கடைசி இடத்தைத் தேடி அலைந்தவருக்கு அன்று அது தேடாமலேயே கிடைத்தது. ஆனால் அது தாழ்ச்சியால் வந்த கடைசி இடம் அல்ல, சோம்பலால் வந்தது.

ஆயினும் அவருக்குள் பெரும் ஆற்றல் ஒளிந்திருந்தது. படைப்பணியை விட்டு விலகி, 1883, 1884ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியர் நுழைய அஞ்சிய மொரோக்கோ நாட்டை ஒரு யூத ரபியின் வேடத்தில் சுற்றி ஆராய்ந்தார். 1885இல் பாரிசின் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. புகழ் வந்தது, அமைதி வரவில்லை. அப்பயணத்தில் தாம் கண்ட இஸ்லாமிய மக்கள் கடவுள் திருமுன் பணிந்து தொழுத காட்சி அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

1886ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ஒருநாள் காலையில், பாரிசின் புனித அகுஸ்தீன் ஆலயத்திற்குச் சென்று அருள்தந்தை ஹுவலினைச் சந்தித்தார். சமயத்தைப் பற்றித் தமக்கு விளக்கிக் கற்பிக்க வேண்டும் என்று கேட்டார். படித்தவர்களுக்குரிய வேண்டுகோள் அது. அந்த அருள்தந்தையோ விவாதத்திற்கு இடம் தரவில்லை. மண்டியிட்டுப் பாவ அறிக்கை செய்யும்படி சொன்னார். தங்கப் பதக்கம் பெற்ற ஆய்வாளர் மண்டியிட்டார். அன்றே நற்கருணை உட்கொண்டார். அந்த நாளிலிருந்து அவர் வாழ்வு திசை மாறியது.

அதே அருள்தந்தையின் மறையுரை ஒன்றில் கேட்ட கருத்து சார்லசின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. இயேசு கடைசி இடத்தை எவ்வளவு உறுதியாக எடுத்துக்கொண்டார் என்றால், அதை அவரிடமிருந்து எவராலும் பறிக்க முடியாது என்பதே அக்கருத்து. ஆண்டவருக்கு அருகில் இருக்க வேண்டுமானால் தாமும் கீழே இறங்க வேண்டும் என்று சார்லஸ் புரிந்துகொண்டார். 1888ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவைப் பெத்லகேமில் கொண்டாடினார். பின்னர் நாசரேத்தின் தெருக்களில் நடந்தபோது, இறைமகன் முப்பது ஆண்டுகள் பெயர் தெரியாத ஒரு தொழிலாளியாக வாழ்ந்தார் என்ற உண்மை அவரை ஆட்கொண்டது.

1890இல் டிராப்பிஸ்ட் துறவியரின் மடத்தில் சேர்ந்தார். விரைவில் சிரியா நாட்டில் இருந்த மிக ஏழ்மையான மடத்திற்குச் சென்றார். அங்கே ஒருநாள், இறந்துபோன ஏழைத் தொழிலாளி ஒருவரின் உடலருகே இருந்து செபிக்க அனுப்பப்பட்டார். அந்த வீட்டையும் தம் மடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தாம் இன்னும் ஏழை ஆகவில்லை என்பது விளங்கியது. 1897இல் அனுமதி பெற்று டிராப்பிஸ்ட் சபையை விட்டு, நாசரேத்தில் உள்ள புனித கிளாரா சபை அருள்சகோதரிகளிடம் வேலையாளாகச் சேர்ந்தார். தோட்ட வேலை செய்தார், ஆலயத்தைக் கவனித்தார், கடிதங்களை அஞ்சலகத்திற்கு எடுத்துச் சென்றார். மடத்தின் வாசலருகே கருவிகள் வைக்கும் சிறு அறையில் படுத்தார். ஊதியம் கேட்கவில்லை.

குருவாகும்படி பிறர் சொன்னபோது அவர் நெடுநாள் தயங்கினார். குருத்துவம் தம்மை உயர்த்திவிடும் என்று அஞ்சினார். பிறகு, நற்கருணை விருந்தை எவரும் தேடிச் செல்லாத மக்களிடம் கொண்டுசெல்வதும் கீழே இறங்குவதுதான் என்று உணர்ந்து, 1901ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் குருவாக அருள்பொழிவு பெற்றார். அதே ஆண்டில் அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்தில் உள்ள பெனி அப்பெஸ் ஊருக்குச் சென்றார். ஏழைகள், அடிமைகள், வழிப்போக்கர், படைவீரர் என எல்லாரும் அவர் கதவைத் தட்டினார்கள். அனைவருக்கும் அவர் சகோதரர். அடிமை முறையைக் கண்டும் காணாமல் இருந்த தம் நாட்டு அதிகாரிகளைக் கண்டித்து எழுதினார். சில அடிமைகளை விலை கொடுத்து மீட்டார். 1905இல் இன்னும் தெற்கே, துவாரெக் மக்கள் வாழ்ந்த தமன்ராசெட் என்ற சிற்றூருக்குச் சென்று குடியேறினார். அப்போது அங்கே இருந்தவை ஏறக்குறைய 20 குடிசைகளே.

அன்புக்குரியவர்களே, இதுவரை கேட்டதில் ஒன்றைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு படியாக அவர் கீழே இறங்கினார். ஆனால் ஒவ்வொரு படியையும் அவரே தேர்ந்தெடுத்தார். எங்கே சென்றாலும் கொடுப்பவர் அவர், பெறுபவர்கள் மற்றவர்கள். உணவு கொடுத்தார், மருந்து கொடுத்தார், விடுதலை வாங்கிக் கொடுத்தார். அவர் தம் காலத்து மனிதரும்கூட. பிரெஞ்சுப் படை அதிகாரிகள் அவருடைய நண்பர்கள். தம் நாட்டு ஆட்சி அம்மக்களுக்கு நன்மை தரும் என்று நம்பினார். கடைசி இடத்தில் அமர்ந்திருந்தபோதும் கொடுக்கும் கை அவருடையதாகவே இருந்தது. அந்தக் கையும் வெறுமையாகும் நாள் வந்தது.

1907ஆம் ஆண்டு. ஓராண்டுக்கு மேலாக மழை இல்லை. ஆடுகளின் மடி வற்றியது. தம்மிடம் இருந்த தானியத்தைச் சார்லஸ் பசியோடு வந்த குழந்தைகளுக்கும் ஏழைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தார். அவருக்குத் துணையாக இருந்த பவுல், அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்றவர், அந்த ஆண்டில் அவரை விட்டுப் போய்விட்டார். அக்காலத் திருச்சபைச் சட்டப்படி, பதில் சொல்ல ஒரு கிறிஸ்தவராவது உடன் இல்லாமல் குருவானவர் திருப்பலி நிறைவேற்ற முடியாது. தமன்ராசெட்டில் வேறு கிறிஸ்தவர் எவரும் இல்லை.

கிறிஸ்து பிறப்பு இரவு வந்தது. திருப்பலி இல்லை. மனம் மாறிய நாளிலிருந்து 21 ஆண்டுகளில் இப்படி ஒரு கிறிஸ்து பிறப்பு இரவை அவர் கண்டதில்லை. நற்கருணையைக் கொண்டுசெல்வதற்காகவே அவ்வளவு தூரம் வந்தவர், பாலைவனத்தின் நடுவில், மணி ஓசையும் பாடலும் இல்லாமல், திருப்பலியும் இல்லாமல் தனியே செபித்தார். ஆண்டவருக்காக அவர் எல்லாவற்றையும் விட்டிருந்தார். இப்போது ஆண்டவருக்குக் கொடுக்கக்கூட அவரிடம் எதுவும் இல்லை.

சில வாரங்களில், 1908 ஜனவரியில், உடலும் தளர்ந்து விழுந்தது. சற்று அசைந்தாலே மூச்சு வாங்கியது. இறுதி நேரம் நெருங்கிவிட்டது என்று எண்ணினார். அப்போதுதான் அந்த ஊர் மக்கள், கிறிஸ்துவை அறியாத அந்த ஏழை துவாரெக் மக்கள், அவருக்காகப் புறப்பட்டார்கள். சுற்றிலும் நான்கு கிலோமீட்டர் தூரம் தேடி, அந்தக் கொடிய வறட்சியிலும் சிறிதளவு பால் தரும் ஆடுகளைக் கண்டுபிடித்தார்கள். கறந்த பாலைக் கொண்டுவந்து அவருக்குப் புகட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பசித்திருந்த காலம் அது. தங்கள் வறுமையிலிருந்து அவர்கள் கொடுத்தார்கள். அவர் பிழைத்தார்.

கொடுக்க வந்தவர் பெற்றுக்கொண்டார். பிறரை மீட்க வந்தவர் பிறரால் மீட்கப்பட்டார். பால் புகட்டுவதற்கு மற்றவர் கையை எதிர்பார்த்துக் கிடந்த அந்த நோயாளியைப் பார்க்கும்போது, அன்னை மரியாவின் மடியில் பாலுக்காக அழுத பெத்லகேம் குழந்தையின் நினைவு வராமல் போகுமா? எல்லாம் வல்ல இறைவன் நமக்குக் கொடுப்பதற்காக வந்தார். ஆனால் முதலில் நம்மிடமிருந்து பெறுபவராக, ஒரு தாயின் பாலின்றி உயிர் வாழ முடியாதவராக வந்தார். சார்லஸ் பல ஆண்டுகள் தேடிய கடைசி இடம் இதுதான். நாமாகத் தேர்ந்து அமரும் இடம் அல்ல அது. வெறுங்கையோடு பிறரை நம்பிக் கிடக்கும் இடம்.

ஜனவரி 31ஆம் நாள் அவருக்கு ஒரு செய்தி கிடைத்தது. தனியாகவே திருப்பலி நிறைவேற்றத் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் சிறப்பு அனுமதி அளித்திருந்தார். வெறுமையான கைகளில் ஆண்டவர் மீண்டும் எழுந்தருளினார்.

அதன் பிறகு அம்மக்களோடு அவருக்கு இருந்த உறவு நட்பாகக் கனிந்தது. அவர்களிடம் மாணவரைப் போல அமர்ந்து அவர்களுடைய மொழியைக் கற்றார். அவர்களின் பாடல்களையும் கவிதைகளையும் ஆயிரக்கணக்கான வரிகளாகச் சேகரித்தார். அவர் தொகுத்த துவாரெக் பிரெஞ்சு அகராதி அவர் இறந்த பிறகு நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 1916ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், உலகப் போரின் குழப்பத்தில் அங்கு வந்த கலகக்காரர்கள் அவரைப் பிடித்துக் கட்டினார்கள். காவலுக்கு நின்ற இளைஞன் பதற்றத்தில் சுட, 58ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. சில வாரங்களுக்குப் பின் அங்கு வந்தவர்கள், நற்கருணை இருந்த அவருடைய கதிர்பாத்திரத்தை மணலில் கண்டெடுத்தார்கள்.

இறந்தபோது அவரோடு வாழ ஒரு துறவுச் சகோதரர்கூட இல்லை. அவர் எழுதிய சபை ஒழுங்குகள் தாளிலேயே இருந்தன. மனிதக் கணக்கில் அது தோல்வி. ஆனால் 1933இல் இயேசுவின் சிறிய சகோதரர்கள் சபையும், 1939இல் இயேசுவின் சிறிய சகோதரிகள் சபையும் அவருடைய வழியில் தோன்றின. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே நாளில், அதே வழிபாட்டில், நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயமும் புனிதராக உயர்த்தப்பட்டதை நாம் அறிவோம். திருவிதாங்கூர் அரச அலுவலர் ஒருவரும் பிரான்சின் பிரபு ஒருவரும், பதவியும் மதிப்பும் இழந்து கீழே இறங்கிய இருவர், ஒரே நாளில் உயர்த்தப்பட்டார்கள்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கடவுளுக்குப் பாரபட்சம் இல்லை. எல்லாருக்கும் தம்மையே கொடுக்க அவர் விரும்புகிறார். ஆனால் நிறைந்த கையில் எதை வைக்க முடியும்? பெத்லகேமில் இடம் இல்லாத வீடுகள் எல்லாம் கெட்டவர்களின் வீடுகள் அல்ல, ஏற்கெனவே நிறைந்துவிட்ட வீடுகள். தாழ்ச்சி உள்ளவர்களின் கை காலியாக இருக்கிறது. அதனால்தான் இறைவனின் கொடை அங்கே தங்குகிறது.

கிறிஸ்து பிறப்பு நாள்களில் நாம் தாராளமாகக் கொடுக்கிறோம். ஏழைகளுக்குத் துணியும் அரிசியும் கேக்கும் வழங்குகிறோம். நல்லதுதான். ஆனால் நாம் துணி கொடுத்த வீட்டில் உட்கார்ந்து அவர்கள் தரும் தேநீரைக் குடிக்க நமக்கு மனம் வருகிறதா? பிறருக்கு உதவும் நாம், நோயிலும் முதுமையிலும் பிறர் உதவியைக் கூசாமல் ஏற்கிறோமா? நெடுநாள் பேசாதிருக்கும் உடன்பிறந்தவரிடம் முதலில் சென்று மன்னிப்புக் கேட்க முடிகிறதா? கொடுக்கும்போது நாம் உயரத்தில் நிற்கலாம். பெறுவதற்கோ குனிந்தாக வேண்டும்.

இந்த ஆண்டு குடிலின் முன் மண்டியிடும்போது, காணிக்கையோடு சேர்த்து நம் வெறுங்கையையும் ஒருமுறை நீட்டுவோம். பாலுக்காக அழுத பாலன் இயேசு அதை நிரப்புவார்.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நல்வாழ்த்துகள்!