மீன் மழை, மர்மக் காலடி, கடல் பாம்பு: 'நம்ப முடியாத' செய்திகளைச் சேர்த்த சார்லஸ் ஃபோர்ட் யார்?

வானத்திலிருந்து மீன் கொட்டியது. ரத்த நிறத்தில் மழை பெய்தது. நடுக்கடலில் ராட்சதப் பாம்பைப் பார்த்ததாகக் கப்பல் கேப்டன் சொல்கிறார். இப்படி ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்பில் வந்தால் பெரும்பாலும் ரெண்டில் ஒன்றுதான் நடக்கும். சிரித்துவிட்டு டெலிட் செய்வோம். இல்லையென்றால் நாலு குரூப்புக்குத் தட்டிவிடுவோம்.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க்கில் ஒருவர் மூன்றாவதாக ஒரு வேலை செய்தார். எந்தத் தேதி, எந்த ஊர், எந்த இதழில் வந்த செய்தி என்று துண்டுச் சீட்டில் குறித்து வைத்தார். அப்படிச் சேர்ந்த சீட்டுகள் பல்லாயிரம். அவர் பெயர் சார்லஸ் ஃபோர்ட். மர்ம உயிரினங்கள், விளக்கம் கிடைக்காத காட்சிகள் பற்றி இன்று வரும் புத்தகங்களுக்கும் யூடியூப் சேனல்களுக்கும் முன்னோடி இவர்தான்.

மளிகை வியாபாரியின் மகன்

ஃபோர்ட் பிறந்தது 1874 ஆகஸ்ட் 6, அமெரிக்காவின் ஆல்பனி நகரில். அப்பா வசதியான மளிகை வியாபாரி. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அப்பா ரொம்பக் கண்டிப்பானவர். அவரிடம் பையன்கள் வாங்கிய அடி உதையைத் தன் சுயசரிதையில் ஃபோர்ட் எழுதிவைத்திருக்கிறார். அதிகாரத்தோடு சொல்லப்படும் எதையும் அவர் சந்தேகத்தோடு பார்த்ததற்கு அந்த வீடுதான் காரணம் என்று கருதுபவர்கள் உண்டு.

18 வயதில் ஊரைவிட்டுக் கிளம்பினார். அமெரிக்கா, பிரிட்டன் என்று சுற்றி, தென்னாப்பிரிக்காவில் உடம்பு சரியில்லாமல் போகவே நியூயார்க் திரும்பினார். 1896-ல் அன்னா என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். அதன்பிறகு பல வருஷம் வறுமைதான். கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே கதைகள் எழுதினார். அவற்றை விரும்பி வாங்கிப் போட்ட பத்திரிகை ஆசிரியர்களில் ஒருவர், நாவலாசிரியர் தியோடர் டிரைசர். ஃபோர்ட் பல நாவல்கள் எழுதியும் அச்சானது ஒன்றே ஒன்று. 1909-ல் வந்த அதுவும் ஓடவில்லை.

நூலகமே ஆபீஸ்

1916-ல் சித்தப்பா ஒருவர் இறந்து, கொஞ்சம் சொத்து கைக்கு வந்தது. ஃபோர்ட் வேலையை விட்டார். நியூயார்க் பொது நூலகம்தான் அவருக்கு ஆபீஸ். பழைய செய்தித்தாள்கள், வானிலைக் குறிப்புகள், 'நேச்சர்' போன்ற அறிவியல் இதழ்கள் என்று வரிசையாகப் படித்தார். அறிஞர்கள் பார்த்துவிட்டு, பதில் தெரியாமல் ஓரமாக ஒதுக்கிய தகவல்கள்தான் அவருக்கு வேண்டும். அவற்றைத் தனக்கு மட்டுமே புரியும் சுருக்கெழுத்தில் சின்னச் சின்னச் சீட்டுகளில் எழுதி, பெட்டிகளில் அடுக்கினார். 1920-களில் சில ஆண்டுகள் லண்டனில் குடியிருந்து, பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்திலும் இதே வேலையைத் தொடர்ந்தார். பகல் முழுக்க நூலகம், மாலையில் மனைவியோடு சினிமா. வாழ்க்கை அவ்வளவுதான்.

'ஒதுக்கப்பட்டவை' என்றால் என்ன?

1919-ல் வந்த முதல் தொகுப்பின் பெயர் 'தி புக் ஆஃப் த டேம்ன்ட்'. 'டேம்ன்ட்' என்றால் சபிக்கப்பட்டவை. பேய்களையோ பாவிகளையோ அவர் சொல்லவில்லை. அறிவியல் உள்ளே விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிய தகவல்களுக்கு அவர் வைத்த பெயர் அது.

1830-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஃபரித்பூரில் மீன்கள் விழுந்த செய்தி அதில் இருக்கிறது. 1855 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஒரே இரவில் பனிமேல் பல மைல் தூரத்துக்குப் பதிந்திருந்த குளம்பு போன்ற காலடிகளும் இருக்கின்றன.

அவருடைய வாதத்துக்கு வலுவான உதாரணம் விண்கல். 1768-ல் பிரான்சின் லூசே கிராமத்தில் வானத்திலிருந்து கல் விழுந்ததாக மக்கள் சொன்னார்கள். நவீன வேதியியலின் தந்தை எனப்படும் லவாசியே இடம்பெற்ற குழு அதைப் பரிசோதித்து, அது மின்னல் தாக்கிய சாதாரணக் கல் என்று முடித்துவிட்டது. 1803-ல் லேகிள் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான கற்கள் கொட்டி, விஞ்ஞானி பியோ நேரில் போய் விசாரித்த பிறகுதான் விண்கல் உண்மை என்று ஏற்கப்பட்டது. அன்று கிராமத்து ஆட்களின் பேச்சை ஒதுக்கியதுபோல இன்னும் எத்தனை விஷயங்களை ஒதுக்கியிருப்போம்? ஃபோர்ட் கேட்டது இதைத்தான்.

நண்பர் போட்ட நிபந்தனை

இப்படி ஒரு புத்தகத்தை யார் அச்சடிப்பார்கள்? இங்கேதான் டிரைசர் மறுபடி வருகிறார். ஃபோர்ட்டின் புத்தகத்தைப் போடாவிட்டால் என் புத்தகமும் உங்களுக்கு இல்லை என்று தன் பதிப்பாளரிடமே அவர் கறாராகச் சொல்லிவிட்டார். பிறகு எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். அவரோ படித்துவிட்டுத் திட்டி பதில் போட்டார். ஆனாலும் புத்தகம் கைமாறிக் கைமாறி ஒரு வாசகர் வட்டத்தைப் பிடித்தது.

1923-ல் 'நியூ லேண்ட்ஸ்', 1931-ல் 'லோ!', 1932-ல் 'வைல்டு டேலண்ட்ஸ்' வந்தன. கடல் பாம்புகள், காணாமல் போனவர்கள் எல்லாம் இந்தப் பின்னாள் புத்தகங்களில் வருகிறார்கள். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களில் கேட்கும் 'டெலிபோர்ட்டேஷன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் 'லோ!'தான்.

அவரே நம்பினாரா?

இல்லை. வானத்தில் ஒரு கடல் மிதக்கிறது, அங்கிருந்துதான் மீன் விழுகிறது என்ற ரீதியில் வேடிக்கையான விளக்கங்களை அவரே எழுதுவார். எழுதிவிட்டு, இதையும் நான் நம்பவில்லை என்பார்.

குறையும் உண்டு. சம்பவ இடத்துக்குப் போய்ச் சரிபார்க்கும் வேலையை அவர் செய்யவில்லை. பத்திரிகையில் வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தக் காலப் பத்திரிகைகள் விற்பனைக்காகக் கதை விட்டதும் உண்டு. ஆனால் ஆதாரத்தைக் கூடவே கொடுத்ததால், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்க முடிந்தது. அவர் சேகரிப்பில் இருந்த சிவப்பு மழையையே எடுத்துக்கொள்வோம். 2001-ல் கேரளத்தில் அப்படி மழை பெய்தபோது தண்ணீரைச் சோதித்தார்கள். ஒரு வகைப் பாசியின் வித்துகள்தான் நிறத்துக்குக் காரணம் என்று ஆய்வறிக்கை சொன்னது. சிரித்துத் தள்ளியிருந்தாலும், சாமி குற்றம் என்று நம்பியிருந்தாலும் அந்தப் பதில் கிடைத்திருக்காது.

சந்தேகத்தின் விலை

1931 ஜனவரியில் ரசிகர்கள் சேர்ந்து 'ஃபோர்ட்டியன் சொசைட்டி' தொடங்கினார்கள். எழுத்தாளர் டிஃபனி தேயர் முன்னின்றார். ஃபோர்ட்டுக்கு அதில் இஷ்டமே இல்லை. எல்லா அதிகாரத்தையும் கேள்வி கேட்டவர், தானே ஒரு அதிகாரமாக உட்காரத் தயாராக இல்லை.

ஆனால் அதே சந்தேகம் அவர் உயிருக்கும் உலை வைத்தது. டாக்டர்கள்மேல் நம்பிக்கை இல்லாததால், உடம்பு மோசமாகியும் சிகிச்சைக்குப் போகாமல் கடைசிப் புத்தகத்தை முடிப்பதிலேயே குறியாக இருந்தார். 1932 மே 3 அன்று சுருண்டு விழுந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். அச்சாகி வந்த 'வைல்டு டேலண்ட்ஸ்' பிரதியைப் பதிப்பகத்தார் அங்கேயே கொண்டுவந்து காட்டினார்கள். சில மணி நேரத்தில் ஃபோர்ட் இறந்துபோனார். வயது 57. ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்பது பின்னாள் கணிப்பு. விண்கல் விஷயத்தில் நிபுணர்கள் காட்டிய பிடிவாதத்தைக் கிண்டலடித்தவர், தன் உடம்பு விஷயத்தில் அதே பிடிவாதத்தைக் காட்டினார்.

விளக்கம் கிடைக்காத நிகழ்வுகளை ஆங்கிலத்தில் இன்றும் 'ஃபோர்ட்டியன்' என்றுதான் சொல்கிறார்கள். 1973-ல் பிரிட்டனில் தொடங்கி, பின்னர் 'ஃபோர்ட்டியன் டைம்ஸ்' என்று பெயர் மாறிய இதழ், அவர் விட்ட வேலையைத் தொடர்ந்தது. எஞ்சிய சீட்டுகள், அவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து படித்த அதே நியூயார்க் நூலகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, எந்த இதழில் வந்தது என்ற குறிப்பும் இருக்கிறது. அடுத்த ஃபார்வேர்டை அனுப்புவதற்கு முன் அதில் இந்த மூன்றும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாம்.