கூஃபா நகரின் துணிக்கடை: வியாபாரியாக இமாம் அபூஹனீஃபா (ரஹ்)

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களை மாபெரும் மார்க்கச் சட்ட மேதையாக நாம் அறிவோம். தமிழகத்தில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களில் அந்தப் பெயரைக் கேட்டிராதவர் இருக்க முடியாது. ஆனால் அவர்கள் பெரிய துணி வியாபாரியாகவும் இருந்தார்கள் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. கடைக்கு வருபவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அந்தக் கடையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

நுஃமான் பின் ஸாபித் என்பது இமாமின் இயற்பெயர். ஹிஜ்ரி 80-இல் (கி.பி. 699) இராக்கின் கூஃபா நகரில் பிறந்தார்கள். பட்டும் கம்பளியும் கலந்து நெய்யப்படும் 'கஸ்' என்ற விலையுயர்ந்த துணிதான் அவர்களின் வியாபாரம். இளமையில் கடைவீதியே கதியென்று இருந்த அவர்களின் அறிவுக்கூர்மையைக் கண்ட இமாம் ஷஅபீ (ரஹ்), அறிஞர்களின் சபைக்குச் செல்லுமாறு தூண்டினார்கள். அதன்பின் ஹம்மாத் பின் அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் ஏறத்தாழ 18 ஆண்டுகள் பயின்றார்கள். ஆனாலும் கடையை மூடிவிடவில்லை. கூட்டாளிகளை வைத்து வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள்.

அந்தக் கடையில் நடந்த சில சம்பவங்களை வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன.

ஒருநாள் ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டு வந்தார். 100 திர்ஹம் கேட்டார். இது அதைவிட அதிகம் பெறும் என்றார்கள் இமாம். அந்தப் பெண் நூறு நூறாக ஏற்றி 400 வரை வந்தார். அப்போதும் இமாம் அதையே சொல்ல, தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று அந்தப் பெண் சந்தேகப்பட்டார். விலை தெரிந்த ஒருவரை அழைத்து வரச் சொல்லி, அவரை வைத்து மதிப்பிட்டு, 500 திர்ஹத்துக்கு வாங்கிக்கொண்டார்கள். விலை தெரியாமல் வந்தவரின் அறியாமையை லாபமாக்க அவர்கள் விரும்பவில்லை.

வேறொரு நாள், வயதான ஒரு பெண்மணி தன் ஏழ்மையைச் சொல்லி, அடக்க விலைக்கே ஓர் ஆடையைத் தருமாறு கேட்டார். இமாம் 4 திர்ஹம் மட்டும் கேட்டார்கள். வயதானவள் என்று பரிகாசம் செய்ய வேண்டாம் என வருந்தினார் அந்தப் பெண்மணி. தாம் இரண்டு ஆடைகள் வாங்கியதையும், அவற்றில் ஒன்றை விற்றதிலேயே 4 திர்ஹம் தவிர முழு முதலும் திரும்பிவிட்டதையும் விளக்கினார்கள் இமாம். மீதி ஆடையின் அடக்கம் அந்த 4 திர்ஹம்தான். கொடுத்ததைத் தர்மம் என்று சொல்லாமல் கணக்காகக் காட்டியதால் அந்தப் பெண்மணியின் மானமும் காக்கப்பட்டது.

கூட்டாளி ஹஃப்ஸ் பின் அப்துர் ரஹ்மானிடம் ஒருமுறை சரக்கை அனுப்பியபோது, அதில் ஓர் ஆடையில் குறை இருக்கிறது, விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள் என்று அறிவுறுத்தியிருந்தார்கள். ஹஃப்ஸ் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. செய்தி அறிந்த இமாம், விற்று வந்த பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். வேண்டுமென்று ஏமாற்றவில்லை, மறதிதான். ஆயினும் வாங்கியவரின் நஷ்டத்துக்கு மறதி ஈடாகாது என்பது அவர்களின் நிலை.

கடன் பட்டவர்களிடமும் அதே மென்மைதான். 10,000 திர்ஹம் கடன்பட்ட ஒருவர், வழியில் இமாமைக் கண்டு வெட்கத்தால் வேறு பாதையில் திரும்பினார். அவரை அழைத்து விசாரித்த இமாம் கடன் முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். தம்மைக் கண்டு அவர் மனம் பட்ட பாட்டுக்காக அவரிடமே மன்னிப்பும் கேட்டார்கள்.

இப்படி விட்டுக்கொடுத்தும் கடை நொடித்துப் போகவில்லை. வந்த லாபத்தில் அறிஞர்களுக்கு உணவும் உடையும் வாங்கிக் கொடுத்தார்கள். வறுமையில் இருந்த மாணவர் அபூ யூஸுஃப் (ரஹ்) படிப்பைத் தொடர்ந்ததும் அந்த உதவியால்தான். பின்னாளில் அவர் தலைமை நீதிபதியானார். கலீஃபா மன்ஸூர் வழங்கிய நீதிபதிப் பதவியை இமாம் மறுத்தார்கள், அதனால் சிறைப்பட்டு, ஹிஜ்ரி 150-இல் (கி.பி. 767) பக்தாதில் மறைந்தார்கள். ஆட்சியாளரின் பணத்தை எதிர்பார்க்காமல் வாழும் துணிவுக்கு அந்த ஹலாலான சம்பாத்தியம் துணை நின்றது.

இன்று நம் கடைகளில் பல இடங்களில், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற பலகை தொங்குகிறது. குளிர்பானமும் இனிய பேச்சும் தந்து வாடிக்கையாளரை வரவேற்கிறோம், நல்லதுதான். ஆனால் அவருக்குத் தெரியாத குறையையும், அவர் அறியாத விலையையும் நாமே எடுத்துச் சொல்கிறோமா? அடுத்த முறை ஒரு குறையுள்ள துணியை மடித்துக் கொடுக்கும்போது, கூஃபாவின் அந்தக் கடையை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம்.