திருகாணிக்கு ஓர் அளவு தந்த ஜோசப் விட்வொர்த்



சைக்கிள் சக்கரத்து நட்டு ஒன்று வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? பட்டணத்துக் கடைக்குப் போய் அளவைச் சொன்னால், கடைக்காரர் டப்பாவிலே கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து மாட்டினால் அது சுகமாக ஏறிக்கொள்ளும். இதிலே என்ன அதிசயம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அந்த நட்டைச் செய்தவன் உங்கள் சைக்கிளைக் கண்ணாலும் பார்த்ததில்லை. சைக்கிளைச் செய்தவனும் அந்த நட்டைப் பார்த்ததில்லை. இருந்தும் இரண்டும் பொருந்துகின்றன. அதுதான் அதிசயம்!

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே இப்படி நடக்காது. அப்போதெல்லாம் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்குத்தான் திருகாணி செய்தது. ஒரே பட்டறையில் செய்த இரண்டு திருகாணிகள்கூட ஒன்றுபோல இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு போல்ட்டும் அதன் நட்டும் கணவன் மனைவி மாதிரி. அதற்கு இதுதான், இதற்கு அதுதான். எந்திரத்தைப் பிரிக்கும்போது ஜோடி மாறிப் போகாமலிருக்க இரண்டிலும் அடையாளம் குத்தி வைப்பார்கள். நட்டு தொலைந்துபோனால் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்து அந்தப் போல்ட்டுக்கென்றே புதிதாக ஒன்று செய்ய வேண்டும். அதுவரைக்கும் ஆலை நிற்கும். ஆலை நின்றால் கூலியும் நிற்கும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்டியவர் ஜோசப் விட்வொர்த். இவர் 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். பையனுக்குப் பத்து வயது நடக்கும்போது தாய் இறந்துவிட்டாள். தந்தை பாதிரியார் ஆவதற்குப் படிக்கப் போய்விட்டார். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்தார்கள். ஜோசப்பை ஐடில் என்ற ஊரிலிருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐடில் என்றால் ஆங்கிலத்தில் சோம்பேறி என்று பொருள். சோம்பல் என்றால் என்னவென்றே அறியாத மனிதர் அப்படிப்பட்ட ஊரிலே படித்தார் என்பது வேடிக்கைதான்!

பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. டர்பிஷயர் பகுதியில் நெருங்கிய உறவினர் ஒருவருக்குப் பஞ்சு ஆலை இருந்தது. பையனை அங்கே சேர்த்துவிட்டார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு நாளைக்கு ஆலையிலே ஒரு பங்காளியாக வரலாம் என்பது பெரியவர்களின் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் பையனின் கண் நூலிலே இல்லை, நூற்கிற எந்திரத்திலே இருந்தது. நான்கு வருடத்தில் அங்கிருந்த எந்திரங்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். அவை எவ்வளவு மோசமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டான். ஒருநாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மான்செஸ்டர் நகருக்குப் போய், ஒரு பட்டறையிலே சாதாரணக் கைத்தொழிலாளியாகச் சேர்ந்துவிட்டான். முதலாளியாக வேண்டியவன் தானாகவே போய்க் கூலியாள் ஆனால் உறவினர்கள் என்ன பேசியிருப்பார்கள்? நம் வீடுகளில் என்ன பேசுவோமோ, அதைத்தான் பேசியிருப்பார்கள்.

1825இல் பேனி என்ற பெண்ணை மணந்துகொண்டு லண்டனுக்குப் போனார். அந்தக் காலத்தில் எந்திர வேலையைக் கற்பவர்களுக்கு லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறை ஒரு பல்கலைக்கழகம் போல. திருகாணியின் மரையைக் கையால் வெட்டாமல், லேத்து எந்திரத்திலே சரியாக வெட்டும் முறையை 1800ஆம் ஆண்டு வாக்கில் சீர்ப்படுத்தியவர் இந்த மாட்ஸ்லே. குருவின் புகழைச் சீடர் விழுங்கிவிட்டார் என்று குறை சொல்கிறவர்களும் உண்டு. அதிலே கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாட்ஸ்லே இல்லாவிட்டால் விட்வொர்த் இல்லை.

அங்கேதான் விட்வொர்த் ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டார். இரும்புத் தகட்டை அப்பழுக்கில்லாத சமதளமாகச் செய்வது எப்படி? அக்கால வழக்கப்படி இரண்டு தகடுகளுக்கு நடுவே எமரித் தூளைப் போட்டுத் தேய்ப்பார்கள். தூள் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் சேர்ந்துவிடும். தளம் சமமாகாது. விட்வொர்த் தேய்ப்பதை விட்டுவிட்டுச் சுரண்டத் தொடங்கினார். ஒரு தகட்டில் வர்ணத்தை மெல்லப் பூசி இன்னொன்றின் மேல் வைத்தால், மேடான இடத்தில் மட்டும் வர்ணம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் கூரிய உளியால் சுரண்டி எடுப்பார். மறுபடி வைப்பார், மறுபடி சுரண்டுவார்.

இரண்டு தகடு மட்டும் இருந்தால் ஏமாந்துபோகலாம். ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் இரண்டும் ஒட்டிக்கொள்ளுமே! ஆகவே மூன்று தகடுகளை வைத்துக்கொண்டார். முதலாவதை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் பொருத்திப் பார்த்தார். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டினால் மூன்றும் சமதளமாகத்தான் இருக்க முடியும், வேறு வழியில்லை. மாணவர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டிலே மூன்று மரச்சட்டங்களை வைத்துக்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

பிறகு ஜோசப் கிளமென்ட் என்பவரின் பட்டறையில் வேலை செய்தார். சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதை நினைத்த கணக்குப் போடும் எந்திரம் அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. இன்றைய கம்ப்யூட்டருக்கு அதை ஒரு மூத்த பாட்டன் என்றே சொல்லலாம். அதன் பாகங்களைச் செய்த கைகளில் விட்வொர்த்தின் கையும் ஒன்று.

1833இல் மான்செஸ்டருக்குத் திரும்பி ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். லண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் என்று வாசலில் பலகை மாட்டினார். அவ்வளவுதான் மூலதனம். சில ஆண்டுகளில் அவருடைய லேத்துகளும் இழைக்கும் எந்திரங்களும் துளையிடும் எந்திரங்களும் நாடெங்கும் பேர் வாங்கிவிட்டன.

இப்போது திருகாணிக்கு வருவோம். மரத்தில் ஏற்றுகிற ஸ்குரூ நுனி மெலிந்து, தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டு போகும். எந்திரத் திருகாணி அப்படியில்லை. அது அடியிலிருந்து நுனிவரை ஒரே பருமன். அதற்கென்று மரை வெட்டிய துளையோ நட்டோ முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். அது பொருந்த வேண்டுமானால் மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும். பருமன் ஒன்று. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்பது இன்னொன்று. அந்த மரையின் இரண்டு சரிவுகளுக்கும் இடையே உள்ள கோணம் மூன்றாவது. இதில் எது மாறினாலும் பாதியிலேயே இறுகி நின்றுவிடும். பலவந்தமாகத் திருகினால் மரை செத்துப்போகும். புத்தி தடுமாறியவனை மரை கழன்றவன் என்று நம்மவர்கள் கேலி செய்வதுண்டு. எந்திரத்துக்கு மரை கெட்டால் அது கேலியில்லை, ஆளையே காயப்படுத்திவிடும்.

விட்வொர்த் தம் இஷ்டப்படி ஒரு புது அளவைக் கண்டுபிடித்து, எல்லாரும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் பேசவில்லை. இங்கிலாந்தின் முக்கியமான பட்டறைகளிலிருந்து திருகாணிகளைத் திரட்டினார். ஒவ்வொன்றையும் அளந்து சராசரி கண்டார். கோணம் 55 டிகிரி என்று வந்தது. மரையின் உச்சியையும் அடியையும் கூராக விடாமல் உருண்டையாக்கினார், கூரான இடத்தில்தான் முதலில் அடிபடும் என்பதற்காக. ஒவ்வொரு பருமனுக்கும் மரைக் கணக்கு வகுத்தார். கால் அங்குலத்துக்கு 20, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலப் பருமனுக்கு 8. 1841இல் லண்டனில் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தில் இதைக் கட்டுரையாக வைத்தார். யாருடைய அளவும் முழுமையாக ஜெயிக்கவில்லை, யாருடையதும் முழுமையாகத் தோற்கவும் இல்லை. அதனால் பட்டறைக்காரர்களுக்கு மனத்தாங்கல் குறைவு. ரயில்வே கம்பெனிகள் ஏற்றுக்கொண்டன, மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். 1860ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டன் முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது.

அளவு சொன்னால் மட்டும் போதுமா? அளக்கத் தெரிய வேண்டாமா? 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், ஓர் அங்குலத்தைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் காட்டும் கருவி ஒன்றை வைத்தார். அதுவும் திருகாணியால் இயங்கிய கருவிதான்.

இதன் பலன் ஒரு போரிலே தெரிந்தது. கிரிமியப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படைக்குச் சிறு பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட்டன. 90 நீராவி எந்திரங்கள் வேண்டும், அதுவும் தொண்ணூறே நாளில்! ஒரு பட்டறையால் ஆகிற காரியமா? ஜான் பென் என்ற எந்திரத் தயாரிப்பாளர் மாதிரி எந்திரத்தைப் பாகம் பாகமாகப் பிரித்து, நாட்டின் பல பட்டறைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். எங்கெங்கோ செய்த பாகங்கள் வந்து சேர்ந்தன, திருகாணிகள் விட்வொர்த் அளவிலே ஏறிப் பொருந்தின. காலத்தோடு வேலை முடிந்தது. ஆனால் அந்தப் படகுகளில் பல சண்டைக்குப் போகுமுன்பே 1856இல் போர் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் துப்பாக்கி, பீரங்கி என்று இறங்கியது எனக்குப் பிடித்த பகுதியல்ல. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அறுகோணக் குழல் கொண்ட ஒரு துப்பாக்கியைச் செய்தார். 1857இல் நடந்த சோதனையில் அது ராணுவத்தின் என்பீல்டு துப்பாக்கியைத் தோற்கடித்தது. 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி அந்தத் துப்பாக்கியின் விசைக் கயிற்றை இழுத்ததும், 400 கஜ தூரத்துக் குறியின் நடுவிலேயே குண்டு பட்டது. இருந்தும் அரசாங்கம் அதை ஏற்கவில்லை. விலை அதிகம், குழல் சீக்கிரம் அழுக்கடைகிறது என்று காரணம் சொன்னார்கள். விட்வொர்த் வளைந்துகொடுக்காதவர், அதிகாரிகளோடு அனுசரித்துப் போகத் தெரியாதவர். ஆகவே கசப்புத்தான் மிச்சம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலத்தார் அந்தத் துப்பாக்கிகளில் சிலவற்றை வாங்கி, மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்களிடம் கொடுத்தார்கள்.

எஸ்டேட்டுத் தோழர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1874இல் தம் தொழிற்சாலையைப் பங்குக் கம்பெனியாக மாற்றியபோது, தொழிலாளிகளும் 25 பவுன் பங்குகளைத் தவணையிலே வாங்க வழிசெய்தார். அதற்கு முன்பே, 1868இல், ஏழை வாலிபர்களின் படிப்புக்கென்று பெரும் நிதி ஒதுக்கினார். ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உபகாரச் சம்பளங்கள்! ஆனால் ஒரு நிபந்தனை. புத்தகப் பரீட்சை மட்டும் எழுதினால் போதாது, அரத்தையும் உளியையும் கையிலே பிடித்து வேலை செய்தும் காட்ட வேண்டும். கையாலே தொழில் கற்று மேலே வந்தவர் வேறு எப்படிச் சொல்வார்? அந்த உபகாரச் சம்பளம் இன்றைக்கும் வழங்கப்பட்டு வருகிறது.

1869இல் சர் பட்டம் கிடைத்தது. முதல் மனைவி 1870இல் காலமாக, மறு ஆண்டு மறுமணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. 1887 ஜனவரி 22இல் மாண்டி கார்லோவில் உயிர் துறந்தார். டர்பிஷயரில் டார்லி டேல் என்ற ஊரிலே அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற செல்வத்திலிருந்து மான்செஸ்டரில் ஓர் ஓவியக் கூடமும் பூங்காவும் எழுந்தன. மருத்துவமனைகளுக்கும் ஒரு பங்கு போயிற்று.

அவருடைய திருகாணி என்ன ஆயிற்று? உலகம் முழுவதும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864இலேயே 60 டிகிரி கோணமும் தட்டையான உச்சியும் கொண்ட வேறொரு மரையைச் சொன்னார். அது செய்யச் சுலபம், அளக்கவும் சுலபம். கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 20 மரைதான். ஆனால் அரை அங்குலத்தில் பிரிட்டிஷ்காரனுக்கு 12, அமெரிக்கனுக்கு 13. இந்த ஒரு மரை வித்தியாசம் என்ன பாடு படுத்தியது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் இரண்டு நாடுகளும் ஒரே பக்கம் நின்று போரிட்டபோது, ஒருவருடைய போல்ட்டு மற்றவருடைய எந்திரத்தில் ஏறவில்லை. போர் முடிந்த பிறகு, 1948இல், பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 டிகிரியில் ஒரு பொது அளவுக்கு ஒப்புக்கொண்டன. பின்னர் மில்லிமீட்டர் அளவு வந்தது. 1965இல் பிரிட்டனே விட்வொர்த் மரையைப் புதிய வேலைகளுக்கு விட்டுவிடும்படி தன் தொழிற்சாலைகளுக்குச் சொல்லிவிட்டது.

ஆனால் வார்ப்பிரும்பில் கரடுமுரடான அந்தப் பெரிய மரை நன்றாகப் பிடிக்கும். பழைய பிரிட்டிஷ் எந்திரங்களைப் பழுது பார்த்தவர்கள் அதற்கென்றே தனி ஸ்பேனர் வைத்திருப்பார்கள். அதிலே பொறித்த அளவு நட்டின் அகலமல்ல, உள்ளே இருக்கும் போல்ட்டின் பருமன். இதைத் தெரியாமல் அளந்து பார்த்துவிட்டு, ஸ்பேனர் தப்பு என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு!

விட்வொர்த்தைப் பார்க்க நீங்கள் பட்டறைக்குப் போக வேண்டாம். உங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பைப்பைப் பாருங்கள். அரை அங்குலப் பைப்பு என்பார்கள், வெளியே அளந்தால் முக்கால் அங்குலத்துக்கும் மேலிருக்கும். அது பழைய இரும்புக் குழாய்க்குள்ளே இருந்த துவாரத்தின் கணக்கு. அந்தப் பைப்பின் மரை இன்றும் அவருடைய 55 டிகிரிதான். பிளம்பர் வந்து கழற்றும்போது பக்கத்திலே நின்று எண்ணிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 14 மரை இருக்கும்.