கடதாசியில் சதுரங்கம் ஆடியவர்

உயர்தரத்தில் கணினி படிப்போர் அலன் டியூரிங்கின் பெயரை அறிவார்கள். அவருடைய தாயார் பிறந்தது கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூரில் என்று வாசித்தபோது அவர் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனார் சென்னை ரயில்வேயில் தலைமைப் பொறியியலாளர். தந்தை சென்னை மாகாணத்தில் அரச உத்தியோகத்தர்.

டியூரிங் 1912 ஜூன் 23ஆம் திகதி லண்டனில் பிறந்தார். பெற்றோர் உத்தியோகத்துக்காக இந்தியா திரும்பிவிட, அவரும் அண்ணனும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள். வாப்பாவோ உம்மாவோ வெளிநாட்டில் உழைக்க, இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1936இல் இன்றைய கணினிக்கு அடிப்படையான கட்டுரையை எழுதினார். போர்க்காலத்தில் ஜெர்மனியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைக்க உழைத்தார். இவை பலரும் எழுதியவை. என்னைக் கவர்ந்தது அவருடைய சதுரங்கம்.

அவர் கெட்டிக்கார ஆட்டக்காரர் அல்லர். ஆனாலும் 1948இல், நண்பர் சாம்பர்நவுனுடன் சேர்ந்து, இயந்திரம் சதுரங்கம் ஆடுவதற்கான விதிகளை வகுத்தார். அதை ஓட்டக்கூடிய கணினி கிடைக்கவில்லை. எனவே 1952இல் தானே கணினியாகி, கடதாசியும் பென்சிலுமாக அலிக் கிளெனியுடன் ஆடினார். ஒரு நகர்வைக் கணிக்க அரைமணி நேரமளவில் எடுத்தது. 29ஆவது நகர்வில் தோற்றார்.

அரைமணி நேரம் போனதில் வியப்பில்லை. வெள்ளை, கறுப்பு, மீண்டும் வெள்ளை என மூன்று தடவை காய் நகர்த்த 8,902 வழிகள் உண்டு. ஆனால் பலகையில் உண்டாகும் வெவ்வேறு நிலைகள் 5,362 மட்டுமே. குதிரையை முதலில் நகர்த்தினாலென்ன, காலாளை முதலில் நகர்த்தினாலென்ன, முடிவில் பலகை ஒன்றுதான். பார்த்த நிலையை நினைவில் வைத்தால் மீண்டும் கணிக்க வேண்டாம். டியூரிங்கின் விதிகளில் அந்த நினைவு இருக்கவில்லை.

அதே 1952இல் அவருடைய தனிப்பட்ட வாழ்க்கை தொடர்பான வழக்கில் நீதிமன்றம் தண்டித்தது. அரசின் இரகசியப் பணியும் பறிபோனது. நாட்டைக் காத்தவருக்கு நாடு செய்தது இது. 1954 ஜூன் 7ஆம் திகதி, 41 வயதில் இறந்தார். அரச மன்னிப்பு 2013இல்தான் வந்தது.

1967இல் அமெரிக்காவில் கிரீன்பிளாட் எழுதிய சதுரங்கச் செய்நிரல் ஹாஷ் அட்டவணையைப் பயன்படுத்தியது. நூலகத்தில் புத்தகத்தின் இலக்கம் தெரிந்தால் எல்லா இறாக்கைகளையும் தேட வேண்டியதில்லை அல்லவா, அதுபோலத்தான். 1970இல் சொப்ரிஸ்ட் அந்த இலக்கத்தை உண்டாக்க அழகான வழி சொன்னார். 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள்: மொத்தம் 768 எழுமாற்று எண்கள். பலகையில் உள்ளவற்றை மட்டும் இணைத்தால் அந்த நிலையின் இலக்கம் வரும். ஒரு காய் நகர்ந்தால் அதற்குரிய எண்களை மாற்றினால் போதும்.

டியூரிங்கின் விதிகளை 2012இல் மன்செஸ்டரில் உண்மையான கணினியில் ஓட்டினார்கள். எதிரே இருந்தவர் கஸ்பரோவ். 16 நகர்வுகளில் வென்றார். அவரே 1997இல் டீப் புளூ என்ற கணினியிடம் தோற்றிருந்தவர்.