புதுக்கோட்டைக்கு வந்த கேப்டன் டிரைப்

எங்கள் பாட்டிமார் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிலிமை ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்துவிட்டு, படம் எப்படி வந்திருக்குமோ என்று நாட்கணக்கில் காத்திருந்ததாக அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிலிம் என்பதே தோன்றாத காலத்தில் நம் புதுக்கோட்டைக்கு வந்து படம் பிடித்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப்.

இவர் 1822-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டெவன்போர்ட் நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது புகைப்படக் கலையைப் பயின்றார். 1855-இல் பர்மா சென்ற தூதுக்குழுவுடன் போய் அந்நாட்டுக் கோயில்களைப் படம் பிடித்தார். அத்திறமையைக் கண்ட சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து அவர் புறப்பட்டார். ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று பல ஊர்களுக்கும் சென்றார். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர் ஆண்ட தனிச் சமஸ்தானம். பெரிய கேமராவும் ரசாயனங்களும் மாட்டுவண்டியில் வந்தன. மெழுகு ஊட்டிய காகிதமே அவருக்கு நெகட்டிவ். அதில் வெள்ளி உப்பை ஏற்றி, கேமராவில் வைத்து, பல நிமிடங்கள் ஒளி படச் செய்வார். பிறகு இருட்டில் ரசாயனத்தில் நனைத்தால் உருவம் மெல்லத் தெரியும். தண்ணீரில் கலங்கல் இருந்தாலும், வெயில் கடுமையானாலும் பட்ட பாடு வீண்தான். ஆயினும் அவர் சலிக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றாக ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். புதுக்கோட்டைப் படங்கள் 1858-இல் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன.

ஆனால் 1859-இல் ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன் இதை வீண் செலவென்று கருதி நிறுத்தச் சொன்னார். டிரைப் படைப் பணிக்கே திரும்பினார். அதன்பின் அவர் எடுத்த படங்கள் மிகச் சிலவே. 1902-இல் பிறந்த ஊரிலேயே காலமானார்.

வீண் செலவென்று எண்ணப்பட்ட அப்படங்கள் இன்று லண்டன் நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. அக்காலத்து நம் ஊரைக் காண அவையே துணை. தோழியரே, நாம் கைபேசியில் நொடிக்கொரு படம் எடுக்கிறோம். மறுநாளே அழித்தும் விடுகிறோம். பாட்டியின் பெட்டியில் கிடக்கும் பழைய நெகட்டிவ்களையாவது குப்பையென்று எறியாமல் காப்போமாக!