நிழலில் தம்மைத் தேடியவர்: உம்ராவ் சிங் சேர்கில்

ஒளி கொண்டு வரையப்படும் படத்தை நிழற்படம் என்று வழங்குவது நம் தமிழ் மரபு. ஒளிபட்ட பகுதி மட்டுமன்று, அதனை அடுத்து விழும் நிழலும் சேர்ந்தே ஒரு முகத்திற்கு வடிவம் தருகின்றன என்னும் உண்மை இச்சொல்லில் பொதிந்துள்ளது. தம் நிழலைத் தாமே படம்பிடித்து, அதன்வழித் தம்மை அறிய முயன்ற ஒருவரின் வாழ்வை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நினைவுகூர்வது பொருத்தமுடையது. கவிதையில் ‘நான்’ என்று எழுதும் நம் ஒவ்வொருவருக்கும் அவ்வாழ்வில் ஒரு வினா காத்திருக்கிறது.

அவர் உம்ராவ் சிங் சேர்கில். ஓவியர் அம்ரிதா சேர்கிலின் தந்தை என்றே பலரும் அவரை அறிவர். மகளின் புகழொளி தந்தையின் கலையை நெடுங்காலம் மறைத்திருந்தது. இன்றோ, இந்திய நிழற்படக் கலை முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்படுகிறார்.

1870-ஆம் ஆண்டு, பஞ்சாபின் மஜீதியா என்னும் பெருநிலக்கிழார் குடியில் உம்ராவ் சிங் பிறந்தார். அவர்தம் இளவல் சுந்தர் சிங் மஜீதியா ஆங்கில அரசின் நன்மதிப்பைப் பெற்று ‘சர்’ பட்டமும் உயர் பதவிகளும் எய்தினார். தமையனாரின் உள்ளமோ வேறு திசையில் சென்றது. வடமொழியும் பாரசீகமும் பயின்றார். வானியல், தச்சு வேலை, எழுத்தணிக் கலை, யோகம் எனப் பலவற்றில் தோய்ந்தார். டால்ஸ்டாயின் எளிய வாழ்க்கை நெறி அவரைக் கவர்ந்தது. கவிஞர் இக்பால் அவருடைய நண்பர். கதர் இயக்கத்தாரிடம் பரிவுடையவர் என்று ஐயுற்ற ஆங்கில அரசு அவரைக் கண்காணித்தது. செல்வக்குடியில் பிறந்தும் செல்வத்தில் ஒட்டாமலும், துறவை விரும்பியும் முற்றத் துறவாமலும் வாழ்ந்த அந்த இருமையே அவருடைய கலைக்கு ஊற்றுக்கண் எனலாம்.

1912-இல் லாகூரில் அங்கேரி நாட்டு இசைப்பாடகி மேரி அந்துவானெத்தை மணந்தார். மூத்த மகள் அம்ரிதா 1913-இலும், இளையவள் இந்திரா 1914-இலும் புடாபெஸ்டு நகரில் பிறந்தனர். முதல் உலகப்போர் அக்குடும்பத்தை அங்கேயே நிறுத்திவைத்தது. 1921-இல் இந்தியா திரும்பிச் சிம்லாவில் குடியேறினர். மகள்களின் கலைக்கல்விக்காக 1929-இல் பாரிசு சென்று 1934-இல் மீண்டனர். இவ்வலைவுகள் அனைத்திலும் அவருடன் இடைவிடாது பயணம் செய்தது அவருடைய படப்பெட்டி.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் படம் எடுத்தார். அது அவருக்குத் தொழிலன்று; விற்பனைக்கோ விளம்பரத்திற்கோ எடுத்ததுமன்று. மனைவியும் மகள்களும் விதவிதமான ஆடையணிகளில் அப்படங்களில் பொலிகின்றனர். எனினும் அவர் மீண்டும் மீண்டும் எடுத்தது தம் உருவத்தையே. நூல்களுக்கிடையே ஆழ்ந்த அறிஞர், மயிரை விரித்துவிட்ட தவசி, எளிமை பூண்ட டால்ஸ்டாய் அன்பர், குடும்பத்தின் நடுவே அமைந்தும் தனித்தே தோன்றும் தந்தை எனப் பல கோலங்களில் அவர் நம்மை நோக்குகிறார்.

அக்காலத்தில் தன்னைத் தானே படம்பிடிப்பது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் பிம்பம் பதிய வேண்டும். 1907-இல் லூமியேர் உடன்பிறப்பினர் விற்பனைக்குக் கொணர்ந்த ஆட்டோகுரோம் என்னும் வண்ணத்தகட்டையும் அவர் கையாண்டார். சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களின் ஊடே ஒளி புகுந்து வண்ணம் பதியும் முறை அது. ஒளியை நெடுநேரம் ஏற்க வேண்டியிருந்தமையின், படத்தில் அமர்வோர் அசையாதிருத்தல் வேண்டும். ஆகவே, ஒவ்வொரு படமும் அவருக்கு ஒருவகை யோக இருக்கையாகவே அமைந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

1930-ஆம் ஆண்டளவில் பாரிசில், பதினைந்து நாள் உண்ணாநோன்பின்பின் தம் உடலைப் படம்பிடித்தார். வயது அறுபது. ஆடம்பரத்திற்குப் பெயர்போன நகரில், கலை விருந்துகளுக்கு நடுவே, மெலிந்த தம் உடலைச் சான்றாக நிறுத்திய அச்செயல் எண்ணத்தக்கது.

உளவியல் அறிஞர் கார்ல் யுங் (1875–1961), மனிதகுலம் முழுமைக்கும் பொதுவான தொல்படிமங்கள் ஆழ்மனத்தில் உறைகின்றன என்றார். ஞானமுதியவர், அன்னை, வீரர் என அவை பலவாம். உலகுக்குக் காட்டும் முகமூடி ஒன்று; நாம் ஏற்க மறுக்கும் நிழல் மற்றொன்று. உம்ராவ் சிங் யுங்கைப் பின்பற்றினார் என்பது என் கூற்றன்று. அவருடைய படங்களை அக்கொள்கை கொண்டு நோக்கினால் பொருள் துலங்குகிறது என்பதே கருத்து. தமிழர்க்கு இது புதிதுமன்று. அகப்பாடலில் தலைவன் தலைவியர்க்குப் பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயர் நீங்கியவிடத்துத் தனியொருவர் உணர்வு அனைவர் உணர்வாகிறது. உம்ராவ் சிங்கும் தம் பெயரைக் கழற்றிவைத்தே தவசியாகவும் அறிஞராகவும் அமர்ந்தார்.

தந்தையின் படப்பெட்டிமுன் கோலம் மாற்றி நின்று வளர்ந்த அம்ரிதா, 1934-இல் தாகித்தித் தீவுப் பெண்ணாகத் தம்மையே தீட்டினார். தென்னகப் பயணத்தின் பயனாக 1937-இல் அவர் படைத்த மூன்று ஓவியங்கள் இந்திய ஓவிய வரலாற்றில் நிலைபெற்றன. 1941 திசம்பர் 5 அன்று, இருபத்தெட்டு வயதில், அவர் லாகூரில் மறைந்தார். 1948-இல் தாய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எஞ்சிய ஆண்டுகளைத் துயரோடு கழித்த உம்ராவ் சிங் 1954-இல் தில்லியில் காலமானார். எத்துணைக் கோலம் பூண்டாலும் தந்தை என்னும் கோலத்தை மட்டும் கழற்றிவைக்க இயலாது போலும்!

அவருடைய படங்களை உலகறியச் செய்தவர் இந்திராவின் மகனான ஓவியர் விவான் சுந்தரம் (1943–2023). பாட்டனாரின் படங்களைக் கணினியில் இணைத்து 2001-ஆம் ஆண்டளவில் புதிய படத்தொகுதி ஒன்றைப் படைத்தார். 2016-இல் தோன்றிய சேர்கில் சுந்தரம் கலை அறக்கட்டளை, உம்ராவ் சிங் பெயரால் நிழற்படக் கலைஞர்க்கு நல்கையும் வழங்கியது. இன்று கலைஞர்கள் ஓரிடத்தில் சிலகாலம் தங்கி, தொல்படிமங்களின் துணையால் படம்வழித் தம்மைத் தேடும் பயிலரங்குகள் உலகெங்கும் நடைபெறுகின்றன. உம்ராவ் சிங்கின் இல்லம் அத்தகைய உறைவிடமே. அங்கே பயின்றவர் ஒருவர், காலமோ ஓர் ஆயுள்.

பனியன் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயின்ற என் மாணவி ஒருத்தி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலுள்ள முகம் தன்னுடையதன்று என்று ஒருமுறை வருந்தினாள். வாயிற்காவலர்க்குக் காட்டவே எடுத்த முகம் அது. அவள் கைப்பேசியில் வேறு நூறு முகங்கள் இருந்தன. அவையும் பிறர் விருப்பத்திற்கென எடுத்தவையே. யாருக்கும் காட்டாமல், உனக்காகவே ஒரு படம் எடுத்துப் பார் என்றேன். சில நாள் கழித்து வந்து, எடுத்ததாகச் சொன்னாள்; காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் வட்டத்தில் பத்தாண்டுகளாகக் கவிதை படித்துவருகிறோம். அவற்றுள் அரங்கின் கைத்தட்டலுக்கென அணிந்த முகங்கள் எத்தனை, நம் நிழலை நாமே நேர்நின்று நோக்கியவை எத்தனை? உம்ராவ் சிங்கின் படங்கள் எழுப்பும் வினா இதுவே. விடையை அவரவர் தம் அடுத்த கவிதையில் தேடுவாராக.